உலகத்தைக் காப்பாற்றிய சவடால்காரர்

டிராகன் பால் என்ற ஜப்பானிய மங்கா (படக்கதை) தொடரைச் சொன்னதும் என் தம்பிக்கு நினைவு வருவது அதன் வீரர்களான கோகுவும் வெஜிடாவும், முடி பொன்னிறமாக மாறும் அந்தக் கணங்களும்தான். எனக்கு மிஸ்டர் சாத்தான். ஆங்கிலக் குரலில் பார்த்தவர்கள் ஹெர்க்யூல் என்று அறிந்திருப்பீர்கள். அடர்ந்த சுருட்டை முடி, மீசை, இடுப்பில் சாம்பியன் பெல்ட், இடி மாதிரி ஒரு சிரிப்பு. "அந்தாளு வர்ற இடத்தையெல்லாம் ஓட்டி விடுக்கா" என்பான் தம்பி. நான் ஓட்டமாட்டேன். அவர் வரும் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தால் கதை எப்படி முடிந்தது என்பதே பிடிபடாது. இதை அவனிடம் பல முறை சொல்லியாயிற்று. இப்போது எழுதியும் வைக்கிறேன்.

அகிரா டோரியாமா அடிப்படையில் நகைச்சுவை மங்காக்காரர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, 1980 முதல் 1984 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்த டாக்டர் ஸ்லம்ப். அது முடிந்த அதே ஆண்டில் டிராகன் பால் தொடங்கியது. முதல் சில தொகுதிகளில் குறும்பும் கூத்தும்தான் அதிகம். பிறகு வெஜிடா, ஃப்ரீஸா, ஆண்ட்ராய்டுகள் என்னும் செயற்கை மனிதர்கள், செல் என்று எதிரிகள் வரவரக் கதை இறுகிக்கொண்டே போகிறது. சாவு கூடக்கூடச் சிரிப்பு குறைகிறது. செல் தன் மேடையை அமைத்து, மனித குலத்தையே பணயம் வைத்து மல்லுக்கு அழைக்கும் கட்டத்தில், தொலைக்காட்சி நிருபரையும் கேமராவையும் அழைத்துக்கொண்டு இந்த மனிதர் வந்து இறங்குகிறார். டோரியாமாவின் பழைய கை திரும்பி வந்த இடம் அது என்றே நான் நினைக்கிறேன்.

ஓடுகளை அடுக்கி ஓங்கி ஒரு குத்து விட்டுத் தன் பலத்தைக் காட்டுகிறார் சாத்தான். கோகு கூட்டத்தார் பறப்பதும் கையிலிருந்து ஒளியை எறிவதும் அவர் கண்ணுக்கு வெறும் கண்கட்டு வித்தை. அப்புறம் செல்லின் முன்னால் போய் நிற்கிறார். ஈயை விரட்டுவதுபோல ஒரே தட்டு. மேடைக்கு வெளியே வெகு தூரம் பறந்துபோய் விழுகிறார். கால் இடறிவிட்டது என்று கேமராவிடம் சமாளிக்கிறார். உலகம் அதையும் நம்புகிறது. நமக்குத் தெரிந்தது உலகத்துக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. இந்த இடைவெளியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டோரியாமா அதை வெறும் சிரிப்போடு விட்டுவிடவில்லை.

அடி வாங்கிய பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. தொடை நடுங்க, வயிற்று வலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, அங்கேயே பதுங்கி இருக்கிறார். உடல் சிதறித் தலை மட்டும் மிஞ்சிய ஆண்ட்ராய்டு 16, தன்னைக் கோகுவின் மகன் கோஹானின் பக்கம் கொண்டுபோகும்படி கேட்பது இவரிடம்தான். பயத்தோடுதான் அந்தத் தலையை எடுத்துக்கொண்டு போகிறார், வீசுகிறார். 16 கோஹானிடம் தன் கடைசி வார்த்தைகளைச் சொல்கிறது. செல் அதை மிதித்து நசுக்குகிறான். கோஹானின் உள்ளே அடைபட்டிருந்த கோபம் உடைத்துக்கொண்டு கிளம்புகிறது. செல்லின் அழிவு தொடங்கும் இடம் அதுதான். கி என்ற உயிர்ச்சக்தி என்னவென்றே தெரியாத ஒரு மனிதரின் கை அதில் இருக்கிறது.

வெற்றியைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டதைத்தான் தம்பி மன்னிக்கமாட்டான். "சின்னப் பையன் ஜெயிச்சதை அபேஸ் பண்ணிட்டாருக்கா." பொய்தான், மறுக்கவில்லை. ஆனால் கோகுவின் ஆட்கள் யாருக்கும் புகழ் வேண்டியிருக்கவில்லை. மல்லு முடிந்ததும் அவரவர் வழியில் பறந்துவிட்டார்கள். உலகத்துக்கோ நன்றி சொல்ல ஒரு முகம் தேவைப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து அவர் பெயரிலேயே ஒரு நகரம் இருக்கிறது. கோஹான் படிக்கும் பள்ளி அங்கேதான். பின்னாளில் அவன் மணப்பது அவருடைய மகள் விடேலை.

அடுத்த உலகத் தற்காப்புக்கலைப் போட்டியில் நடக்கும் கூத்தைச் சொல்லாமல் போனால் பாவம். சிறுவர் பிரிவில் வென்ற ட்ரங்க்ஸ், காட்சிப் போட்டியில் இவரைச் சுவரில் பதியும்படி அறைகிறான். குழந்தைக்காக விட்டுக்கொடுத்தேன் என்கிறார். பெரியவர்கள் பிரிவில் ஆண்ட்ராய்டு 18 எதிரே வருகிறாள். முதல் பரிசு 1 கோடி ஸெனி (அந்த உலகத்துப் பணம்). தோற்றுக்கொடுக்க அவள் கேட்பது 2 கோடி. மேடையில் பிடி போட்டபடியே அந்தப் பேரம் முடிகிறது.

மாஜின் பூ வந்த பிறகுதான் இந்தப் பாத்திரத்தின் முழு உயரம் தெரிகிறது. ஊர் ஊராக அழித்து, மனிதர்களை மிட்டாயாக்கித் தின்னும் ஒரு பிசாசு. உலகம் சாத்தானைத்தான் அனுப்புகிறது. வேறு யாரை அனுப்பும்? விஷம் கலந்த சாக்லேட்டோடு அதன் வீட்டுக்குப் போகிறார். ருசியாக இருக்கிறது என்று தின்றுவிடுகிறது. குண்டு வைத்த விளையாட்டுக் கருவியைக் கொடுக்கிறார். வெடித்ததும் சிரிக்கிறது. சூழ்ச்சி எதுவும் பலிக்கவில்லை. சமைத்துப் போட்டு, குளிப்பாட்டி, கூடவே இருக்க வேண்டியதாகிவிடுகிறது. இதற்கிடையில் மாஜின் பூ காலொடிந்த ஒரு நாய்க்குட்டியைக் கண்டு, அதைக் குணமாக்கி, வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறது. கொல்வது தப்பு என்று ஒரு நாள் சாத்தான் சொல்கிறார். சரி, இனிமேல் செய்யமாட்டேன் என்கிறது அது.

இந்த அத்தியாயங்களை நான் மெதுவாகத்தான் படிப்பேன். கோகு தன் சயான் போர்வீர இனத்தின் பலம் பெருகிய வடிவமான மூன்றாம் கட்ட சூப்பர் சயானாக மாறியும் முடிக்காத வேலை. வெஜிடா தன் உயிரையே வெடிக்கவைத்தும் நடக்காத காரியம். அது ஒரு சோற்று உறவில், ஒரு நாயின் பக்கத்தில், ஓரிரு வாக்கியங்களில் நடந்துவிடுகிறது. அந்த நாயை இரண்டு துப்பாக்கிக்காரர்கள் சுடும்போது சாத்தான் பாய்ந்து அவர்களை வெளுத்து வாங்குகிறார். அங்கே கேமரா இல்லை. கைதட்ட ஆளும் இல்லை. அதே ஆட்களில் ஒருவன் பிறகு சாத்தானையே சுட, மாஜின் பூ அவரைப் பிழைக்கவைக்கிறது. ஆனால் பொங்கிவரும் கோபத்தை அடக்க முடியாமல், நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடு என்று அவரிடமே கெஞ்சுகிறது. அந்தக் கோபம்தான் பிரிந்து இன்னொரு பூவாகி, பூமியையே அழிக்கும் நிலைக்குக் கதையைக் கொண்டுபோகிறது.

கடைசிச் சண்டை கடவுளர் உலகில். ஸ்பிரிட் பாம் என்ற சக்தி உருண்டைக்கு மக்களின் சக்தி வேண்டும்; அவர்கள் கையை உயர்த்தினால் அது வந்து சேரும். முதலில் வெஜிடா கேட்கிறான், அதட்டலாக. கோகுவும் கேட்கிறான். யாரோ முகம் தெரியாதவன் என்று பூமி கையை உயர்த்த மறுக்கிறது. அப்போது சாத்தான் ஆத்திரம் பொறுக்காமல் கத்துகிறார்: என் பேச்சைக் கேட்கமாட்டீர்களா! குரல் புரிந்ததும் உலகம் முழுவதும் கைகள் எழுகின்றன. அந்தப் பழைய பொய் இல்லாவிட்டால் அன்று சக்தி வந்திருக்காது. நமக்கும் உலகத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை, இத்தனை தொகுதிகள் தாண்டி வந்து டோரியாமா இங்கே பயன்படுத்துகிறார். நீ நிஜமாகவே உலக ரட்சகன்தானோ என்று கோகுவே வியக்கிறான்.

இன்னொன்றும் நடக்கிறது, பலருக்கு நினைவிருக்காது. அடிபட்டு அசைய முடியாமல் வெஜிடா நடுவில் கிடப்பதால் கோகு தாக்கத் தயங்குகிறான். ஓடிப்போய் வெஜிடாவைத் தூக்கி அப்புறப்படுத்துவது சாத்தான். சயான் இனத்தின் இளவரசனைச் சுமந்தபடி அந்தப் பயந்த கால்கள் ஓடும் கட்டம் எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்தது.

ஜப்பானிய அனிமேயில் (சித்திரத் தொலைக்காட்சித் தொடரில்) சாத்தானுக்கு முதலில் குரல் கொடுத்தவர் டைசுகே கோரி. 'குண்டம்' என்ற ரோபோ அனிமே தொடரில் டோஸில் ஸாபி என்ற பாத்திரத்துக்கும், இதே தொடரில் கோஹானின் தாய்வழித் தாத்தா மாட்டு அரசனுக்கும் அவர்தான் குரல். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். அப்படியொரு வீரக்குரல் பயத்தில் கீச்சிடும்போதுதான் சாத்தான் முழுமையாகிறார். கோரி 2010 ஜனவரியில் மறைந்த பிறகு அந்த இடத்துக்கு உன்ஷோ இஷிசுகா வந்தார், நன்றாகவே செய்தார். ஆனாலும் அந்தக் கூச்சலை நான் கோரியின் தொண்டையில்தான் கேட்பேன்.

எதிரி ஒழிந்ததும், சாத்தானோடு வாழ்ந்த அந்தப் பழைய குண்டு பூ உயிரோடு கிடக்கிறது. இதையும் முடித்துவிட வேண்டும் என்கிறான் வெஜிடா. சாத்தான் குறுக்கே நின்று மன்றாடுகிறார்: இவன் கெட்டவன் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். சுற்றி நிற்பவர்களில் மிகவும் பலவீனமானவர் அவர். வெஜிடா விரல் அசைத்தால் போதும். கோகு அவர் பக்கம் பேசுகிறான். மாஜின் பூவைக் காப்பாற்றி வீட்டுக்கு அழைத்துப்போகிறார் சாத்தான். தம்பி இதுவரை ஓட்டிவிட்டுப் பார்த்த காட்சிகளில் இதுவும் ஒன்று. அடுத்த முறை வரும்போது ரிமோட்டைக் கொடுக்காமல் உட்காரவைக்கப் போகிறேன்.