வெர்ச்சுவல் டிஸ்க்கில் அளவு ஒரு பிரச்சினையே இல்லை

லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்ற கையேட்டின் வழியில், மூல நிரலிலிருந்தே சொந்தமாக ஒரு லினக்ஸைக் கட்ட உட்காருகிற எல்லோரும் முதல் நாளே தலையைச் சொறிகிற இடம் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது. சிஸ்டம் குடியிருக்கும் ரூட்டுக்கு எத்தனை ஜிபி, மெமரி போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் வேண்டுமா, நம் ஃபைல்கள் இருக்கும் ஹோம் தனியாக வைக்கலாமா என்று கணக்குப் போட்டே பொழுது போய்விடும். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா பையன் லீவுக்குக் கோத்தகிரி வந்தபோது அதே கேள்வியோடுதான் வந்தான். "மாமா, முப்பது ஜிபி போதுமா, இல்ல அறுபது வெச்சிரலாமா?" எதையாவது வைடா, வெர்ச்சுவல் மெஷின்ல அது ஒரு விஷயமே இல்ல என்றேன். சமாளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல.

உண்மையாகவே விஷயம் இல்லை. வெர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, அதன் டிஸ்க்கும் வெறும் ஃபைல்தான். அடிப்படை சிஸ்டம் 10 ஜிபிக்குள் அடங்கிவிடும், மேலே டெஸ்க்டாப் அது இது என்று சேர்க்க 30 ஜிபி தாராளம். க்யூகவ்2 என்ற வெர்ச்சுவல் டிஸ்க் வடிவத்தில் 30 ஜிபிக்கு ஒரு வட்டை (டிஸ்க்கை) உருவாக்கி, அந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். சுமார் 200 கேபிதான். வெர்ச்சுவல் மெஷினுக்குள் போய் பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க் கட்டளையில் கேட்டால் அதே வட்டு கூசாமல் 30 ஜிபி என்கிறது. எழுத எழுதத்தான் ஃபைல் வளரும். போதாவிட்டால் மெஷினை அணைத்துவிட்டு ஒரே கட்டளையில் இன்னும் 10 ஜிபி நீட்டிக்கலாம்.

வரிசையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். வட்டை நீட்டினால் புது இடம் கடைசியில்தான் வந்து சேரும். அவன் போட்டிருந்த திட்டத்தில் முதலில் ரூட், அதன் பின்னால் ஸ்வாப். நாளைக்கு வட்டை நீட்டினால் ரூட்டுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் ஸ்வாப் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊரில் சரிவில் வீடு கட்டியவர்கள் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் அடுத்தவர் சுவர் என்று மாட்டிக்கொண்டு ஒரு ரூம் இழுத்துக் கட்ட முடியாமல் தவிப்பார்களே, அந்தக் கதைதான். ஸ்வாப்பை அழித்து, ரூட்டை நீட்டி, மறுபடி ஸ்வாப் போடலாம், முடியாத வேலை இல்லை, ஆனால் எதற்கு? ரூட்டைக் கடைசியில் வைத்துவிட்டால் பார்ட்டட் என்ற கருவியில் அதன் எல்லையை நகர்த்தி, உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தையும் நீட்ட ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால் தீர்ந்தது. ஜிபிடி (பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் புதிய முறை) தன் அட்டவணையின் நகல் ஒன்றை வட்டின் கடைசியில் வைத்திருக்கும், வட்டை நீட்டியதும் அந்த நகல் நடுவில் நின்றுவிடும். சரிசெய்யட்டுமா என்று பார்ட்டட்டே கேட்கும், சரி சொல்லுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்வாப்புக்குத் தனி வெர்ச்சுவல் டிஸ்க்கே மாட்டிவிடலாம் என்பது என் கட்சி. நிஜக் கணினியில் இரண்டாவது டிஸ்க் என்றால் காசு. இங்கே ஒரு ஃபைல், அவ்வளவுதான். ஹோமுக்கும் இதே கதைதான்.

அப்புறம் பூட், அதாவது மெஷின் எழுவது. ஜிபிடி போடுவதா, பழைய எம்பிஆரா என்று முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் வெர்ச்சுவல் மெஷின் பழைய முறையான பயோஸில் எழுகிறதா, புதிய யூஇஎஃப்ஐயிலா என்று பாருங்கள். பலவற்றில் நாமாக மாற்றாதவரை பயோஸ்தான். பயோஸும் ஜிபிடியும் சேர்ந்தால் லினக்ஸை எழுப்பிவிடும் க்ரப் தன் ஒரு பகுதியைக் கொண்டுபோய் வைக்க இடம் தேடும், அதற்கு 1 எம்பியில் ஒரு பயோஸ் பூட் பார்ட்டிஷன் வேண்டும். அதில் ஃபைல் சிஸ்டம் எதுவும் போடக்கூடாது. எம்பிஆரில் இந்தத் தொல்லை இல்லை, முதல் பார்ட்டிஷன் 2048ஆவது செக்டாரில் தொடங்குவதால் அதற்கு முன்னால் இருக்கிற காலி இடத்திலேயே க்ரப் ஒண்டிக்கொள்ளும். யூஇஎஃப்ஐ என்றால் ஃபேட்32இல் ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன். இதில் எரிச்சல் என்னவென்றால், பார்ட்டிஷன் போடுவது முதல் வேலை, க்ரப் போடுவது ஏறக்குறைய கடைசி வேலை. நடுவில் ஜிசிசி கம்பைலரை மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கம்பைல் செய்திருப்பீர்கள். அந்த 1 எம்பியை விட்டது அத்தனையும் முடிந்த பிறகுதான் தெரியும்.

நடுவில் கரண்ட் வேறு. ஐப்பசி மழையில் ரோட்டோரம் ஒரு மரம் லைன் மேல் சாய்ந்தால் கோத்தகிரியில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் அதைக் காப்பாற்றிவிடும், பாதியில் நின்ற கம்பைலைக் காப்பாற்றாது. சில ஆப்ஜெக்ட் ஃபைல்கள் காலியாகக் கிடக்கலாம், அந்த பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் புத்தி. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் மெஷினை அணைத்து, வட்டின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, வட்டுகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர். கட்டும்போது பழைய லினக்ஸ் முதல் வட்டிலும் புதியது இரண்டாவது வட்டிலும் இருக்கும், அதனால் புதியதன் ரூட் விடிபி2 (இரண்டாவது வட்டின் இரண்டாவது பார்ட்டிஷன்). கட்டி முடித்துப் பழைய வட்டைக் கழற்றினால் அதே பார்ட்டிஷன் விடிஏ2 ஆகிவிடும். சாட்டா கன்ட்ரோலரில் மாட்டினால் எஸ்டிஏ2. எந்தப் பார்ட்டிஷனை எங்கே மாட்டுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் ஃபைல் சிஸ்டத்தின் அடையாளமான யூயூஐடி எழுதித் தப்பிக்கலாம், ஆனால் க்ரப் வழியாக லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லும் ரூட் வரியில் அது செல்லாது. பூட்டின் தொடக்கத்தில் உதவும் தற்காலிக ஃபைல் சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் எழுகிற கர்னலுக்கு ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியைப் படிக்கத் தெரியாது, பார்ட்டிஷனின் அடையாளமான பார்ட்யூயூஐடி கொடுத்தால் புரியும். பிஎல்கேஐடி கட்டளை இரண்டையும் பக்கத்து பக்கத்தில் காட்டும், பார்த்து எடுங்கள்.

பையன் இப்போது கர்னல் கன்ஃபிகில் இருக்கிறான். வெர்ச்சுவல் டிஸ்க்கைப் படிக்கும் விர்ட்ஐஓ பிளாக் டிரைவரைத் தனி மாட்யூலாக விடாதே, கர்னலுக்குள்ளேயே சேர் என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். விட்டால் ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக் வரும், அவன் நேராகப் பார்ட்டிஷனைத்தான் போய்க் கலைப்பான்.