வீடு பார்க்க வருகிறார்கள்

மடிப்பாக்கத்தில் அம்மாவின் இரண்டாம் மாடி ஃபிளாட்டை விற்பதென்று முடிவானதும் புரோக்கர் முதலில் சொன்னது, "ஹால்ல மாலை போட்ட ஃபோட்டோவை எடுத்துடுங்க மேடம்" என்பதுதான். அப்பா படத்தை எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வந்தவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் திறப்பது குழாயைத்தான். தண்ணீரை வாயில் விட்டுத் துப்பிப் பார்த்த பெரியவரும் உண்டு. போர் தண்ணீர் உப்பு, அதை மறைக்க முடியாது. ஆனால் குழாய் முனையில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருப்பது வீட்டையே பழசாகக் காட்டும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, ஊறியதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன், உதிர்ந்து வந்துவிட்டது.

அப்புறம் ஓதம். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. "ஒரு கோட் அடிச்சா ரெண்டு மாசம் தாங்கும்" என்றார் பெயின்டர். ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை வந்தால் வாங்க வருகிறவருக்குச் சந்தேகம் தட்டுவதே அங்கேதான். பாத்ரூம் டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி அடைத்து, சுவர்ப் பூச்சைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி பார்க்கச் சொன்னேன். நடுவில் எடுத்த படங்களை ஃபோனில் வைத்திருந்து கேட்டவர்களுக்குக் காட்டினேன். பரண் சாமான்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. மற்றபடி மெத்தை விரிப்பு, பூந்தொட்டி அலங்காரமெல்லாம் வெட்டிச் செலவு.

"2015-ல தண்ணி வந்துதா?" மடிப்பாக்கத்தில் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. இப்போது 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். கார் நிறுத்துமிடத்துத் தூணில் எதுவரை வந்தது என்று தொட்டே காட்டினேன். மோட்டாரை மேடை கட்டி ஏற்றியிருப்பதையும் காட்டினேன். மழுப்பினால் வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

சிலர் செல்ஃபோனில் திசைகாட்டியை வைத்து வாசலைப் பார்ப்பார்கள். அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை.

காகிதங்களை முன்கூட்டியே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பிளான் அப்ரூவல், சொத்து வரி ரசீது. யூடிஎஸ், அதாவது நிலத்தில் நம் ஃபிளாட்டுக்குரிய பிரிபடாத பங்கு, எத்தனை சதுர அடி என்ற கேள்வி கட்டாயம் வரும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டியவர், ஒவ்வொரு தாளையும் புரட்டத்தான் செய்வார். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அசலை அவர்களுடைய வக்கீல் நம் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.