கிக்கர் பையனுக்குக் கல்லூரி அணி தேடிய கதை

அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறோம். இங்கே நம் பிள்ளைகள் டென்னிஸ், ரோபாட்டிக்ஸ் என்றுதான் போவார்கள். சாக்கர் ஆடிக்கொண்டிருந்த என் மகன் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குக் கிக்கராக, அதாவது பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் ஆளாக, போய்விட்டான். கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டிங் பற்றிக் கேட்டுக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்து வருபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கிக்கரின் கதையே தனி. ஒரு கல்லூரிக்கு நல்ல கிக்கர் அமைந்துவிட்டால் மூன்று, நான்கு வருஷத்துக்கு அங்கே இடமில்லை. அதனால் அணியின் பெயரைப் பார்ப்பதைவிட, அங்கே இப்போது உதைக்கிற பையன் எந்த வருஷம் படிக்கிறான் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கடைசி வருஷம் என்றால் மெயில் போடலாம். அப்போதும் உறுதியில்லை. 2018-இல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிய பையனை எடுக்கத்தான் பல கோச்சுகளுக்குப் பிடிக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் மெயில்கள் குவிந்தன. ‘உங்கள் ஆட்டத்தை நேரில் காண ஆவல்’ என்று தொடங்கும், கீழே கல்லூரி நடத்தும் பயிற்சி கேம்புக்குக் கட்டணம் கட்டும் லிங்க் இருக்கும். அது அழைப்பு இல்லை, வியாபாரம். கோச் தானே கூப்பிட்டு டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) கேட்டால்தான் நிஜமான அக்கறை. ‘ஆஃபர்’ என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். “இன்றைக்கே சரி என்று சொன்னால் எடுத்துக்கொள்வீர்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கேம்ப் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். பள்ளி ஆட்டத்தில் ஃபீல்ட் கோலுக்கு (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) பந்தை ‘டீ’ என்கிற இரண்டு அங்குலத் தாங்கி மேல் வைக்கலாம். கல்லூரியில் 1989 முதல் அது கிடையாது, புல்தரையிலிருந்தே உதைக்க வேண்டும். இதற்குப் பழகும்வரை இவன் பந்து தாழ்வாகவே பறந்தது, ஷூ முனையெல்லாம் மண். ஒரு கேம்பில் பக்கத்தில் நின்ற உதவி கோச் பந்து போன திசையைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்க ஸ்டாப்வாட்சில். ஸ்னாப் ஆனதிலிருந்து, அதாவது பந்தைப் பின்னால் எறிந்ததிலிருந்து, கால் படும் வரை 1.3 விநாடி தாண்டினால் எதிரணி கை வைத்துத் தடுத்துவிடும். ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃபில் 65 யார்டு போக வேண்டும், அதோடு பந்து நான்கு விநாடியாவது காற்றில் நிற்க வேண்டும். அதன் பிறகு இசை போட்ட ஹைலைட் வீடியோவை எடுத்துவிட்டு, வெட்டு ஒட்டு இல்லாமல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்ததை கோச்சுகள் பார்க்கும் ஹட்ல் என்ற வீடியோ தளத்தில் ஏற்றினோம். பதில்கள் வர ஆரம்பித்தன.

ஒரு பெரிய பல்கலைக்கழகம் உதவித்தொகை இல்லாமல் ‘வாக்-ஆன்’ ஆகச் சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தது. 2025 ஜூனில் கல்லூரி விளையாட்டு வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதில் இணைந்த கல்லூரிகளின் அணிக்கு உச்சவரம்பு 105 பேர். முன்பு 85 உதவித்தொகைக்கு மேல் வாக்-ஆன்களை இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அடிபட்டது அவர்கள்தான். அந்தக் கோச்சிடமிருந்து அப்புறம் ஒரு குறுஞ்செய்திகூட இல்லை.

கை கொடுத்தது படிப்பு. கல்லூரி விளையாட்டின் இரண்டாம் அடுக்கான டிவிஷன் 2-இல் ஓர் அணிக்கு 36 முழு உதவித்தொகைக்கான பணம்தான் உச்சவரம்பு, அதையும் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஜார்ஜியாவிலேயே ஓர் அரசுக் கல்லூரியின் கோச் போனில் முதலில் கேட்டது யார்டு கணக்கை அல்ல, ஜி.பி.ஏ.வை (பள்ளி மதிப்பெண் சராசரி). 3.7-க்கு மேல், எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணும் சரியாக இருந்ததால் மாநிலத்தின் ஸெல் மில்லர் உதவித்தொகை டியூஷனைப் பார்த்துக்கொள்ளும். கோச் தன் அணிப் பணத்திலிருந்து தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தால் போதும். அவருக்கு மலிவு, எங்களுக்கும் லாபம்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையத்தில் சீக்கிரமே பதிந்துவிடுங்கள். 16 முக்கியப் பாடங்கள் வேண்டும். டிவிஷன் 1 என்றால் அதில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

“படிக்கப் போறானா, உதைக்கப் போறானா?” என்று ஊரிலிருந்து அம்மா இன்னும் கேட்கிறார். இப்போதைய கிக்கருக்கு ஒரு வருஷம் பாக்கி இருப்பதால் முதல் சீசன் இவனுக்கு ரெட்ஷர்ட்டாக (அணியில் இருந்தாலும் ஆடாமல், ஆடும் வருஷக் கணக்கில் சேராமல்) போகலாம். கிக்ஆஃப் மட்டும் இவனிடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்றும் கோச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் தரவில்லை.