எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை?

இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனில் எங்களையும் சேர்த்து நான்கே பேர்தான் இறங்கினோம். கோச்சி வளைவில் திரும்பி மறைந்ததும் சத்தமெல்லாம் அதோடு போய்விட்டது. மலையின் முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு ஸ்டேஷன். உயரம் 1,615 மீட்டர். ஒரு பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு, மறுபக்கம் தெற்கே சரிந்துபோகும் காடும் தேயிலையும்.

"அக்கா, இப்ப நாம இங்க நிக்கிறது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் தங்கச்சி. சித்தி மகள், ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவள்.

"போர்டிங்கில என்கூட இருக்கிற பிள்ளைக்கு மட்டும்" என்றேன். அவளுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரத்துக்கு இருப்பிடத்தை அனுப்பியிருந்தேன். முந்தைய வருடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் என்னால் சரியான பதில் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் அது. நுவரெலியாவில் இந்த மாதத்தை வசந்த காலம் என்று சொல்லி, பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊரையே நிரப்பிவிடுவார்கள். எனக்கு அந்த நெரிசல் ஒத்துவராது. ஆனால் மலையில் நடப்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திருக்கும், தென்மேல் மழை மே மாதத்தில்தான் பிடிக்கும். காலையில் கண்ணாடி மாதிரி வானம், பின்னேரம் இடியோடு ஒரு மழை. ஆகவே விடிய எழும்பி நடந்து, மதியத்துக்குள் கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும். தலவாக்கலையில் நாங்கள் ஏறும்போது மூடுபனி. பட்டிப்பொல தாண்டி அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்து ஒஹிய பக்கம் வெளியே வந்தால் வெயில்! சின்ன வயதில் இதைப் பார்த்து, சுரங்கத்துக்குள் யாரோ உட்கார்ந்து வானிலையை மாற்றுகிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறி, தங்கமலைக் காட்டின் வழியாக அதிஷம் பங்களாவுக்குப் போகும் பாதையில் நடந்தோம். தங்கமலை ஒரு சரணாலயம், பறவைகளுக்குப் பேர் போனது. பாதை முகட்டை ஒட்டியே போகிறது. கொஞ்ச தூரம் காடு, கொஞ்ச தூரம் தேயிலை, நடுவில் மானாப்புல். இடைக்கிடை நின்ற முள்முருக்கு மரங்களில் இலை கொட்டி, சிவப்புப் பூ மட்டும் நின்றது. முந்தின நாள் மழைக்கு அட்டைகளும் எங்களை வரவேற்க வந்திருந்தன. தங்கச்சி சவர்க்காரக் கட்டியைக் காலுறையில் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவளை இரண்டு கடித்தன, என்னை ஏழு.

சரி, அந்தக் கதை.

கொழும்பில் நான் இருக்கும் போர்டிங் வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள். காலை ஐந்தரைக்குக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். நடையைக் கணக்கு வைக்க ஒரு செயலி போட்டிருந்தேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று சொல்லி, பாதையை வரைபடத்தில் செம்மஞ்சள் கோடாகக் காட்டும். அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். ஒருநாள் மழை, போகவில்லை. மத்தியானம் அந்தச் செயலிக்குள் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி: "இன்றைக்கு நடக்க வரவில்லையே, சுகமில்லையா?"

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஆனாலும் கை கால் குளிர்ந்துவிட்டது. என் பக்கத்தைத் திறந்து அந்நியர் கண்ணால் பார்த்தேன். நாற்பது நடை, நாற்பது கோடு. எல்லாக் கோடும் ஒரே கேற்றில் தொடங்கி அதே கேற்றில் முடிந்தன. செயலியைப் போட்ட நாளிலிருந்தே எல்லாம் யாரும் பார்க்கலாம் என்ற நிலையில் கிடந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

பெரிய பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்ட்ராவா என்ற செயலி உலகம் முழுக்க ஆட்கள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒரே வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால், இருட்டுப் பாலைவனத்துக்கு நடுவில் இராணுவ முகாம்கள் வெளிச்சக் கோடுகளாகத் தெரிந்தன. சிப்பாய்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய தடங்கள் அவை. துப்பாக்கி பிடித்தவர்களே கவனிக்கவில்லை, நான் எந்த மூலை?

அந்த ஆளைத் தடுத்தேன். பழைய நடைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். இனிமேல் பதிவதை எனக்கு மட்டும் என்று மாற்றினேன். தொடக்கத்தையும் முடிவையும் சுற்றிச் சில நூறு மீட்டரை மறைக்கிற வசதி இப்படியான செயலிகள் பலவற்றில் இருக்கிறது, அதையும் போட்டேன். இரண்டு மாதம் அந்த ஒழுங்கையில் திரும்பித் திரும்பிப் பார்த்து நடந்தது மட்டும் எந்த அமைப்பை மாற்றியும் போகவில்லை.

அதற்காகப் போனையே அணைத்துவிட்டு மலைக்குப் போகலாமா என்றால், அது அதைவிடப் பைத்தியக்காரத்தனம். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் கிடக்கும் பள்ளம் தெரியாது. ஒரு ஆளுக்காவது நாம் இருக்கிற இடம் தெரிய வேண்டும். ஒரு விஷயம் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது: ஜிபிஎஸ் என்பது செய்மதியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்குவது மட்டும்தான். போன் தான் எங்கே இருக்கிறது என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதை ஊருக்குச் சொல்வது செயலிகள். அதனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத காட்டிலும் வழி தெரியும், டேட்டாவும் தேவையில்லை.

அதிஷம் பங்களாவுக்கு வந்து சேர மூன்று மணி நேரம் எடுத்தது. 1931இல் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அங்கே ஜாம் விற்பார்கள். கொய்யா ஜெலி வாங்கினேன். பங்களாவைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

ஹப்புத்தளையில் அறை எடுத்த இடத்தில்தான் அடுத்த கூத்து. வருவதற்கு இரண்டு நாள் முன்பே, "அடையாள அட்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க மிஸ்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்கள். நேரில் காட்டுகிறேன் என்று எழுதினேன். வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி கொஞ்சம் முறைத்தான். "எல்லாரும் அனுப்புறாங்களே." அவன் போனில் விரலை ஓட்டிக் காட்டினான். உண்மைதான். அட்டைக்கு மேல் அட்டை, முகத்துக்கு மேல் முகம். அவன் சொந்தப் போனில், அவன் நண்பர்களோடு எடுத்த போட்டோக்களுக்கு நடுவில்.

நம் அடையாள அட்டை இலக்கம் சும்மா ஒரு இலக்கம் இல்லை. பழைய அட்டையில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், 2016க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கு. அடுத்த மூன்று எண் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டிவிடுவார்கள். பெப்ரவரி 3இல் பிறந்த பெண்ணுக்கு 534 என்று வரும். ஆக, இலக்கத்தைச் சொன்னாலே பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் சேர்ந்து போகிறது. வங்கிக்கு அழைத்தால் முதலில் கேட்கும் கேள்வியே பிறந்த திகதிதானே!

கடைசியில் அந்தத் தம்பி புத்தகத்தில் எழுதிக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தான். போட்டோ அனுப்பாமல் தீராது என்ற இடங்களில் நான் செய்வது ஒன்றுதான்: போட்டோவின் மேலேயே, போனில் இருக்கும் பேனாவால், இன்ன திகதிக்கு இன்ன இடத்தில் அறைக்கு மட்டும் என்று குறுக்கே எழுதிவிடுவேன். வேறு எங்கும் நீட்டினால் பல்லிளிக்கும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நாட்டில் ஒன்று 2022இலேயே நிறைவேறிவிட்டது, 9ஆம் இலக்கச் சட்டம். அது முழுதாக நடைமுறைக்கு வருவதுதான் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

அன்றிரவு எனக்கு அம்மாயியின் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. அதன் அடியில், கலியாணச் சேலைக்கும் கீழே, பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றிய கடதாசிகள் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் கடதாசி, தாத்தாவின் பழைய கடவுச்சீட்டு. 1948இல் குடியுரிமை போய், 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு இத்தனை பேர் இங்கே இத்தனை பேர் என்று ஆட்களைப் பிரித்து, 2003இல்தான் மிச்சம் இருந்தவர்களுக்குச் சட்டப்படி உரிமை கிடைத்த மலையகச் சனம் நாங்கள். கடதாசி இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று பார்த்தவள் அவள். கிராம சேவகர் கேட்டால்கூட, கூடவே நின்று, பார்த்து முடிந்ததும் கையிலிருந்து வாங்கி மறுபடி சுற்றுவாள். நான் அதே கடதாசிகளை ஸ்கேன் பண்ணி மெயிலில் போட்டு வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லாக நெடுநாள் இருந்தது என் பிறந்த வருடம். அம்மாயிக்குத் தெரிந்தால் துடைப்பக்கட்டையோடு வருவாள். (இப்போது மாற்றிவிட்டேன். இரட்டைச் சரிபார்ப்பும் போட்டாயிற்று.)

மறுநாள் விடிய ஆட்டோ பிடித்துத் தம்பேதன்ன ஃபேக்டரிக்குப் போய், அங்கிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஏறினோம். ஃபேக்டரி 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. மேலே அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடத்தில் இப்போது சிலையாக உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோவிலேயே உச்சி வரை போகலாம், ஆனால் நடந்தால்தான் பெரட்டு (காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்து கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர்களோடு சேர்ந்து ஏற முடியும். வெளிநாட்டுக்காரர்கள் பை மாட்டிக்கொண்டு தேடி வரும் பீக்கோ ட்ரெயில், கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் பெரும்பகுதி நம் ஆட்கள் தேயிலை சுமந்த பாதைதான். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி ஓடிய குறுக்குப் பாதைக்கும் ஒருநாள் பெயர்ப்பலகை வைப்பார்கள் போல.

பாதி வழியில் ஒரு அக்கா எங்களைப் பிடித்துக்கொண்டார். கொழுந்துக்கூடை முதுகில், தலையில் கொங்காணி.

"எந்தத் தோட்டம் தங்கச்சி?"

சொன்னேன்.

"எந்த டிவிஷன்? யார் வீட்டுப் பிள்ளை?"

அதையும் சொன்னேன். அம்மா பேர், அப்பா பேர், அம்மா எந்தத் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், எனக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை, எல்லாம். தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேற்று அறைக்காரத் தம்பியிடம் இலக்கத்துக்குச் சண்டை பிடித்தவள் இன்றைக்கு வம்சாவளியையே ஒப்பிக்கிறாளே என்று. ஆனால் அக்காவும் சும்மா கேட்டுக்கொண்டு வரவில்லை. தன் வீடு, தன் லயம், மூத்த மகன் கொழும்பில் கடையில் நிற்பது, மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாதது, எல்லாம் அவரும் சொன்னார். நான் ஒன்று கொடுத்தால் அவர் ஒன்று கொடுத்தார். போனில் வரும் படிவம் எனக்கு என்ன சொல்லியிருக்கிறது?

மலைக்கு வந்ததும் எங்களுக்குப் பின்னால் ஏறி வந்த ஒரு கூட்டம், ஒரு வார்த்தை பேசாமல், அக்காமார் கொழுந்து எடுப்பதைப் படம் பிடிக்கத் தொடங்கியது. ஒருவர் இன்னும் நெருங்கி, ஒரு அக்காவின் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். அக்கா முகத்தைத் திருப்பவில்லை, சிரிக்கவும் இல்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் இவர்கள் அளவுக்குப் படம் எடுக்கப்பட்டவர்கள் யார் இருப்பார்கள்? தேயிலைப் பெட்டியில், ஹோட்டல் விளம்பரத்தில், எங்கும் அந்தச் சிரிப்பு. என் போனிலும் முன்பு எடுத்த இப்படியான படங்கள் இருந்தன. நானும் கேட்டு எடுத்தவள் இல்லை, அதிலும் தோட்டத்துப் பிள்ளை.

"அக்கா, உங்களை ஒரு போட்டோ எடுக்கட்டா?" என்று எங்கள் அக்காவிடம் கேட்டேன்.

"எடு. பேஸ்புக்கில போடாத. என் மருமக பாத்தா, வேலைக்கு வந்து இளிச்சிக்கிட்டு நிக்கிறேன்னு சொல்லுவா." கொங்காணியைச் சரிசெய்து, கூடையைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். கூடையோடு வேண்டாமாம். "எனக்கு அனுப்பு, சரியா?" மகளுடைய நம்பர் தந்தார்.

உச்சியில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருந்தது. தெற்கே சமவெளி விரிந்து, அதற்கும் அப்பால் கடல் மாதிரி ஒரு பளபளப்பு. கடல்தான் என்று தங்கச்சி அடித்துச் சொன்னாள். அப்புறம் கீழிருந்து மூடுபனி ஏறி லிப்டன் துரையை விழுங்கிவிட்டது. சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். தங்கச்சி ஹப்புத்தளை என்று போட்டு ஸ்டேட்டஸ் வைக்கப் போனாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வை என்றேன். முணுமுணுத்தாள், ஆனால் வைக்கவில்லை.

அக்காவின் போட்டோவை அன்றிரவே அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் குறிப்பு கழன்றுவிடும், கோப்பாக அனுப்பினால்தான் ஒட்டிக்கொண்டு போகும். அக்காவுக்கு அது எப்படிப் போனால் என்ன, அது அவர் மலைதானே. மறுநாள் காலையில் மகளின் நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது, பின்னால் கோழி கொக்கரிக்க:

"படம் வந்துச்சு தங்கச்சி. நேத்து ராத்திரி யோசிச்சிப் பாத்தேன். ஒங்கம்மா தோட்டத்துல மேக்கணக்கு டிவிஷன்லதானே எங்க நாத்தனாரக் குடுத்திருக்கு. நீ அவுங்க வீட்டுக்கு மூணு வீடு தள்ளி. ஒங்கம்மாக்கிட்ட கேட்டுப் பாரு."

கேட்டேன். மூன்று வீடு இல்லை, நான்கு.