ஐம்பத்தைந்து வாளித் தண்ணீர்

பள்ளிக்கூட மலருக்கு எழுதச் சொன்ன தம்பி, "அண்ணே, ஒளி விழா, வாணி விழா, இல்ல விளையாட்டுப் போட்டி எல்லாத்துக்கும் ஆள் வந்தாச்சு, நீங்க வேற ஏதாவது எழுதுங்க" என்றார். சரி, நான் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் படித்தவர்களுக்கு ஏன் என்று உடனே விளங்கும்.

நான் பிறந்த தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே இருந்தது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர்தான். ஹட்டனுக்குப் பள்ளிக்கூடம் வரும் பஸ்ஸிலும் பாதி வழிக்கு அதே தண்ணீர் கூடவே வரும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைத்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்துப்போனதை ரேடியோவில் கேட்ட நாளிலிருந்து எங்கள் அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) தூக்கம் போய்விட்டது. அடுத்த மழைக்கு நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாய (அணைக்கு மேலால் வழிய) தொடங்கியதும், "இம்புட்டுத் தண்ணியையும் ஒத்தைச் சுவரு எப்படி ராசா தாங்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்கள் இருந்தது அணைக்கு மேலே. உடைத்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சொன்னால், "கீழ இருக்கிறவனும் மனுசந்தானே" என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்தக் கேள்வியைத்தான் நான் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் சேரிடம் கொண்டுபோனேன். சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மாரியிலும் கோடையிலும் ஒரே நீலநிற ஸ்வெட்டர். பெயரை எழுதுவதை அவர் விரும்பமாட்டார். படித்தவர்களுக்கு ஸ்வெட்டர் போதும்.

"உங்கட அப்பாயி பிழையான இடத்தில பயப்பிடுறா, தம்பி" என்றார். "சுவருக்கு ஆழம் மட்டும்தான் தெரியும். பின்னால தண்ணி எவ்வளவு தூரம் கிடக்கு எண்டு அதுக்குத் தெரியாது."

யாரும் நம்பவில்லை. மைல் கணக்கில் கிடக்கிற ஏரியும், அணைக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு நிற்கிற தண்ணீரும் சுவரை ஒரே அளவாகத் தள்ளும் என்றால் எப்படி நம்புவது? ஆழம் ஒன்றாக இருந்தால் ஒரே அளவுதான் என்றார். பத்து மீற்றர் ஆழத்தில் ஒரு சதுர மீற்றர் சுவரின் மேல் பத்துத் தொன். நாற்பது மீற்றர் ஆழத்தில் நாற்பது தொன், அதாவது நாலு தொன் ஏற்றும் லொறிகளில் பத்து லொறிப் பாரம். மேற்பரப்பில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அணையின் தலையில் ஒரு வாகனம் போக இடம் இருந்தால் போதும், அடி மட்டும் அத்தனை அகலம். ஆழம் இரண்டு மடங்கானால் மொத்தத் தள்ளு நாலு மடங்கு. சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் வலு எட்டு மடங்கு. இந்த எட்டு எப்படி வருகிறது என்று நிறுவத்தான் ஒரு முழுப் பாடவேளை போனது. என் கொப்பியில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, மூலையில் யாரோ கீறிய இதயத்தோடு. (நான் கீறவில்லை.)

கந்தளாய் மண்ணணை, காசல்ரீ கொங்கிரீட். கொங்கிரீட் அணை தன் சொந்தப் பாரத்தால் குந்திக்கொண்டிருக்கிறது. அதற்குப் பயம் அடியால் கசிந்து மேல்நோக்கித் தூக்கும் தண்ணீர்தான் என்றும் சொன்னார். இதை நான் அப்பாயியிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் எங்களைக் குழப்பிய இரண்டு சொற்கள் வந்தன. நம் பாடப் புத்தகத்தில் தண்ணீர் சுவரைத் தள்ளுவது அமுக்கம். உயரத்தில் இருப்பதால் அதற்கு உள்ள சக்தி அழுத்த சக்தி. ஓடும்போது இருப்பது இயக்க சக்தி. அமுக்கம், அழுத்தம் இரண்டையும் பரீட்சையில் மாற்றி எழுதி மார்க் இழக்காதவர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை. இங்கே ரொறன்ரோவில் என்னோடு வேலை செய்த தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர் ஒருவர் 'நீரழுத்தம்' என்றபோது நான் உயரத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்ல, அரை மணி நேரம் இரண்டு பேரும் தமிழிலேயே ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அவருக்குக் காற்றழுத்தத் தாழ்வு நிலை, நமக்குத் தாழமுக்கம். கடைசியில் ஆங்கிலத்தில் பேசித்தான் சமாதானமானோம்.

சேர் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க எங்களைப் பழைய லக்ஷபான மின்நிலையத்துக்குக் கூட்டிப்போனார். போகும் வழியில் டி. ஜே. விமலசுரேந்திரவின் கதை. 1918லேயே இந்த மலையின் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பொறியியலாளர் அவர். மின்நிலையம் திறந்தது 1950ல். மூன்று வருடத்தில் அவர் போய்விட்டார். காசல்ரீத் தண்ணீர் முதலில் அவர் பெயரில் உள்ள நிலையத்தைச் சுற்றும், அடுத்து பழைய லக்ஷபான, அதற்கும் கீழே பொல்பிட்டிய. ஒரே தண்ணீர், மூன்று வேலை, மொத்தம் 900 மீற்றருக்கு மேல் இறக்கம். எங்கள் தோட்டத்தில் இரண்டு பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போகிறவரைக்கூட நான் கண்டதில்லை.

மலையிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய்களுக்குக் கீழே நின்றோம். சேர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "மேல குளத்தில நிக்கேக்க அழுத்த சக்தி. குழாய்க்குள்ள இறங்கி வரேக்க வேகம் பெருசா ஏறாது. உயரம் அமுக்கமா மாறுது. நுனியில சின்ன வாயால வெளிய பாயேக்கதான் அமுக்கம் வேகமாகுது. விளங்குதோ?" பழைய லக்ஷபானவில் இறக்கம் சுமார் 450 மீற்றர். உராய்வை மறந்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் தண்ணீர் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பாய்கிறது. அது பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதி, வந்த திசைக்கே திரும்பி, வேகம் முழுவதையும் சக்கரத்திடம் கொடுத்துவிட்டுச் சோர்ந்து கீழே விழும். கிண்ணம் தண்ணீரின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஓடினால்தான் இது சரியாக நடக்கும்.

எனக்கு இதெல்லாம் லயத்துப் பீலியில் (ஊற்றுத் தண்ணீர் வரும் குழாய்) விளங்கியது. மேட்டு லயத்துப் பீலியில் தண்ணீர் நூல் மாதிரி வரும். அதே ஊற்று, அதே குழாய், ஆனால் பள்ளத்து லயத்துப் பீலியில் உள்ளங்கையை வைத்தால் கையைத் தள்ளிவிடும். அதற்காகவே அம்மா வாளியோடு பள்ளத்துக்கு இறங்குவார். நிறைந்த வாளியைச் சுமந்து மேலே ஏறுவார்.

திரும்பி வந்த பஸ்ஸில் சேர் ஒரு கணக்குக் கொடுத்தார். ஒரு கனமீற்றர் தண்ணீர் 450 மீற்றர் இறங்கினால் எவ்வளவு? ஆயிரம் கிலோ, ஒன்பது தசம் எட்டு, நானூற்றைம்பது: 44 இலட்சம் யூல். ஒன்று தசம் இரண்டு யூனிட் மின்சாரம். சேதாரம் போக ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டோம். நாற்பது வாற்ஸ் பல்பு ஒன்று 25 மணி நேரம் எரியும். எங்கள் வீட்டு வாளி பதினெட்டு லீற்றர். அப்படியென்றால் ஐம்பத்தைந்து வாளி.

அன்றிரவு குப்பி விளக்கு வெளிச்சத்தில் அதை அம்மாவுக்குச் சொன்னேன். எங்கள் வாசலுக்குக் கீழே கிடந்த தண்ணீர்தான் கொழும்பில் பல்பாக எரிந்தது. எங்கள் லயத்துக்குக் கரண்ட் இல்லை. அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அம்பத்தஞ்சு வாளிய யாரு சுமக்கிறா?" என்று மட்டும் கேட்டார். மழை, சூரியன் என்று ஏதோ சொன்னேன்.

இங்கே கரண்ட் பில்லை 'ஹைட்ரோ பில்' என்கிறார்கள். வந்த புதிதில் தண்ணீர் பில் என்று நினைத்து இரண்டு மாதம் சண்டை பிடித்தேன். நயாகராவுக்கு வரும் விருந்தினர்கள் அருவியைப் பார்த்து வாய் பிளக்கும்போது, ஆறு பிரமாண்டம்தான், ஆனால் பக்கத்து மின்நிலையத்தில் இறக்கம் 90 மீற்றர் அளவுதான், எங்கள் லக்ஷபான அதைப்போல் ஐந்து மடங்கு என்று சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. இரவில் அருவியில் விழ வேண்டிய தண்ணீரைப் பாதியாகக் குறைத்து மின்சாரத்துக்குத் திருப்ப 1950 ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது என்றும் சொல்வேன். என் மகள் அந்த நேரம் காருக்குப் போய்விடுவாள்.

கடும் வரட்சியில் எங்கள் பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும்போதெல்லாம் வகுப்புத் தோழன் ஒருவன் போட்டோ அனுப்புவான். "இப்ப அணைக்கு லேசா இருக்கும்" என்று ஒருமுறை எழுதியிருந்தான். சேரின் பாடம் அவனுக்கும் ஒட்டியிருக்கிறது.

எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது அப்பாயி இல்லை, நானும் இல்லை. தம்பி கடிதம் போட்டிருந்தான். ஒரே ஒரு பல்பு, நாற்பது வாற்ஸ். யாராவது அதை எரியவிட்டுவிட்டு வாசலுக்குப் போனால், அம்மா உள்ளேயிருந்து "தண்ணி போகுது, பூட்டுங்கடா" என்று சத்தம் போடுகிறாராம்.