முதல் இன்லைன் ஸ்கேட் வாங்குவதற்கு முன் பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

சுவரோடு குதிகாலை ஒட்டி வைத்து, ஒரு வெள்ளைத்தாளின் மேல் நின்று, பெருவிரல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு அளந்து பார்த்தபோது, என் இடது பாதம் 238 மில்லிமீட்டரும் வலது பாதம் 242 மில்லிமீட்டரும் இருந்தன. இப்படியொரு வேறுபாடு இருப்பது 41 வயது வரை எனக்குத் தெரியாது. இந்த அளவை நான் எடுத்தது, சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் ஸ்கேட்டில் இரண்டாவது ஜோடியை வாங்கும்போதுதான். முதல் ஜோடிக்கு முன்பே எடுத்திருந்தால், என் கணுக்காலுக்கு வலுவில்லை என்று நான்கு மாதங்கள் தவறாக நம்பிக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

சென்னையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் இருக்கும் ஸ்கேட்டிங் தளமான ரிங்க்கில் மகளை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்திருந்தேன். மாலை நேரங்களில் சிமெண்டு பெஞ்சில் காத்திருந்தே சலித்துப்போய், நானும் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்து ஒரு கடைக்குப் போனேன். என் செருப்பு அளவைக் கேட்ட விற்பனையாளர், "ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துக்கோங்க மேடம், தடிமனா சாக்ஸ் போட்டா சரியாயிடும்" என்றார். அப்படியே செய்தேன். அந்த ஸ்கேட்டை அணிந்து முழங்காலை மடக்கும்போதெல்லாம் உள்ளே குதிகால் ஒரு விரற்கடை மேலே எழும். சக்கரங்கள் உள்பக்கமாகச் சாயும். கால் மணிநேரத்தில் உள்ளங்காலில் கடுப்பு ஏறிவிடும். ஒருநாள் மகளின் பயிற்சியாளர் என் ஸ்கேட்டின் ஷூ பகுதியான பூட்டின் பின்பக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "காலுல கோளாறு இல்லம்மா, ஷூவுலதான்" என்றார். புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும், இந்த ஒன்றை நான் மறக்காமல் சொல்கிறேன்.

நடக்கும் காலணியில் விரல்களுக்கு முன்னால் சற்று இடம் வேண்டும். ஸ்கேட்டில் கணக்கு வேறு. நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரலின் நுனி உள்ளுறையான லைனரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி, கீழ்க்காலின் முன்பகுதியைப் பூட்டின் முன்பக்க மெத்தையான நாக்கில் அழுத்தும்போது குதிகால் பின்னோக்கிப் போய் விரலுக்கு இடம் கிடைத்துவிட வேண்டும். அப்போதும் விரல் மடங்கியே இருந்தால் அது சிறிது. நிமிர்ந்து நிற்கும்போதே விரல் எதையும் தொடவில்லை என்றால் அது பெரிது. நாள் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அளவை மாலையில் எடுப்பதே நல்லது; இரு பாதங்களில் நீளமானதையே கணக்கில் கொள்ள வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் 5, 6, 7 என்ற எண்கள் மாறும். ஆனால் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரிலோ மில்லிமீட்டரிலோ குறிக்கும் அளவைப் பெரும்பாலான நல்ல நிறுவனங்கள் பெட்டியிலோ அளவு அட்டவணையிலோ தருகின்றன. அதை மட்டும் நம்புங்கள்.

அணியும் முறையும் முக்கியமானது. மெல்லிய, பூட்டின் விளிம்பைத் தாண்டி உயரும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு, காலை உள்ளே விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்குத் தள்ளிய பிறகே நாடாவை இழுக்க வேண்டும். பாதத்தின் வளைவுக்கு மேலே சாய்வாக வரும் பட்டைதான் குதிகாலைப் பூட்டோடு கட்டி வைப்பது. அதை இறுக்கிவிட்டு மேல் பக்கிளை முழங்கால் மடங்கிய நிலையில் மாட்ட வேண்டும். கடையிலேயே 15 நிமிடம் அணிந்தபடி நில்லுங்கள். கணுக்கால் எலும்பிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ ஒரே புள்ளியில் வலி குத்தினால் அந்த வடிவம் உங்கள் காலுக்கானது அன்று. பாதம் முழுவதையும் ஒரே சீராகப் பிடிப்பதுபோல் இருந்தால் அஞ்ச வேண்டாம். சில வாரங்களில் லைனர் அமுங்கி, காலின் வடிவத்துக்கு இணங்கிவிடும். தொடக்கத்திலேயே தளர்வாக இருப்பது பிறகு இன்னும் தளரும்.

பூட்டின் உயரத்தைப் பற்றி இப்போது அடிக்கடி பேச வேண்டியிருக்கிறது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு அணிகளும் 3000 மீட்டர் தொடர் (ரிலே) ஸ்கேட்டிங்கில் வெண்கலம் வென்றன. 2025-இல் சீனாவின் பெய்டாய்ஹேயில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் நம் ஊர் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வென்றார். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும் கார்பன் பூட்டையும் 110 மில்லிமீட்டர் சக்கரத்தையும் தம் குழந்தைக்கு முதல் ஸ்கேட்டாகக் கேட்கும் பெற்றோரை எங்கள் ரிங்க்கில் நான் பார்க்கிறேன். அவர்களின் ஆர்வம் எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு, பல ஆண்டுப் பயிற்சியால் கணுக்கால் உறுதிப்பட்டவர்களுக்கானது. கற்கத் தொடங்குகிறவருக்குக் கணுக்காலுக்கு மேல் ஏறிப் பக்கவாட்டில் சாயவிடாமல் தாங்கும் கஃப் என்ற மேல்பகுதி உள்ள பூட்டே வேண்டும். வெளிக்கூடு கெட்டியான பிளாஸ்டிக்கா, மென்மையான துணி வகையா என்பதைவிட, கஃபைக் கையால் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்தால் அது எளிதில் வளைகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். வளைந்தால் வாங்காதீர்கள்.

சக்கரத்தின் பக்கவாட்டில் 80 மி.மீ., 82ஏ என்பதுபோல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதலாவது விட்டம்; இரண்டாவது கடினத்தன்மை. விட்டம் கூடினால் வேகம் நீடிக்கும், சிறு கற்களின் மேல் எளிதாக ஏறி இறங்கும்; ஆனால் நீங்கள் தரையிலிருந்து உயர்ந்து நிற்பீர்கள், தடுமாற்றமும் கூடும். கற்பவருக்கு 76 முதல் 84 வரை போதும். கடினத்தன்மையின் எண் கூடக்கூடச் சக்கரம் கெட்டியாகும். கெட்டியான சக்கரம் வழவழப்பான தரையில் வழுக்கும், சொரசொரப்பான சாலையில் அதிர்வை முழங்கால் வரை கொண்டுபோகும். எங்கள் ரிங்க்கின் சிமெண்டுத் தரைக்கும் தெருவின் தாருக்கும் சேர்த்து நான் 82ஏ எடுத்தேன், மனநிறைவாக இருக்கிறது. விளக்கு மின்னும் விளையாட்டுப் பொருள் ரகச் சக்கரங்கள் பலவும், நல்ல சக்கரங்களைப்போலப் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பொருளில் செய்யப்பட்டவை அல்ல. நகத்தால் அழுத்தினால் கல்போல இருக்கும். குழந்தைக்கு அவற்றை வாங்கிக்கொடுத்துவிட்டு, அது கீழே விழுவதைப் பார்த்து வருந்துவது நியாயமில்லை.

சக்கரத்தை அச்சில் சுழலவைக்கும் உலோக வளையமான பேரிங் விஷயத்தில்தான் விளம்பரம் அதிகம். ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம், நான்கு சக்கர ஸ்கேட் ஒரு ஜோடிக்கு 16 பேரிங்குகள். 'ஏபெக்' 5, 7, 9 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அமெரிக்கப் பேரிங் பொறியாளர்களின் குழு வகுத்த அந்த எண், பேரிங் எவ்வளவு துல்லியமான அளவில் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. இயந்திரங்களின் மிக வேகமான சுழற்சியை மனத்தில் வைத்து எழுந்த அளவுகோல் அது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 80 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1,300 முறைதான் சுற்றுகிறது. நாம் போகும் வேகத்தில் 5-க்கும் 9-க்கும் உள்ள வேறுபாட்டைக் கால் உணராது. அந்த எண்ணுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை முட்டி, முழங்கை, மணிக்கட்டுக் காப்புகளுக்கும் ஹெல்மெட்டுக்கும் கொடுங்கள்.

மணிக்கட்டுக் காப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெயிலுக்குப் பயந்து பலரும் முதலில் கழற்றுவது அதைத்தான். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு; அதனால் இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவதும் மணிக்கட்டுதான். 1996-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு, காப்பு அணியாதவர்களுக்கு மணிக்கட்டுக் காயம் நேரும் வாய்ப்பு அணிந்தவர்களைவிடச் சுமார் 10 மடங்கு என்று கண்டது. உள்ளங்கைப் பக்கத்தில் இருக்கும் கெட்டியான தகடு தரையில் வழுக்கிக்கொண்டு போவதால், விழுந்த வேகம் முழுவதும் ஒரே இடத்தில் எலும்பின் மேல் இறங்குவதில்லை.

வலது குதிகாலின் பின்னே இருக்கும் ரப்பர் பிரேக்கைக் கழற்றிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. வளைவில் ஒரு காலை மற்றொரு காலின் மேல் மாற்றி வைக்கும்போது அது இடறும் என்பது உண்மைதான். ஆகையால் பந்தயப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது சரி. நின்று பழகாத ஒருவர் அதைக் கழற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

இனி, கற்றுக்கொள்வது. புது ஸ்கேட்டோடு நான் முதலில் போனது ரிங்க்குக்கு அல்ல, பூங்காவின் புல்தரைக்கு. புல்லில் சக்கரம் உருளாது என்பதால், அந்த உயரத்தில் நிற்பதற்கும் நடப்பதற்கும் உடல் பழகிக்கொள்ளும். குதிகால்கள் நெருங்கியும் முன்பாதங்கள் விலகியும் இருக்க, வாத்துபோல அடியெடுத்து நடந்தேன். பிறகு விழப் பழகினேன்: முழங்காலை நன்றாக மடக்கி, உடலைத் தாழ்த்தி, முட்டிக் காப்பின் மேல் முன்னோக்கி விழுந்து, விரல்களை மேலே தூக்கியபடி உள்ளங்கைகளை வழுக்கவிடுவது. பயம் வந்ததும் உடல் தானாகப் பின்னால் சாயும். ஆபத்து முழுவதும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அங்கே ஹெல்மெட்டைத் தவிரக் காப்பு எதுவும் இல்லை. எனவே முன்னால் விழுவதை வேண்டுமென்றே இருபது முப்பது முறை செய்து பார்த்துவிட்டால், தடுமாறும்போது உடல் அந்தப் பக்கத்தையே தேடும்.

சிமெண்டுத் தரைக்கு வந்தபோது எனக்கு மிகக் கடினமாக இருந்தது, காலைப் பின்னோக்கித் தள்ளும் பழக்கத்தை விடுவதுதான். ஆயுள் முழுவதும் நடந்து பழகிய கால் அப்படித்தான் தள்ளும்; ஆனால் சக்கரம் ஓடும் திசையிலேயே தள்ளினால் அது உருண்டு போய்விடுமே தவிர உங்களை நகர்த்தாது. பக்கவாட்டில் தள்ள வேண்டும். இன்றைய இன்லைன் ஸ்கேட்டைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஓல்சன் சகோதரர்கள். 1980 வாக்கில், பனி இல்லாத மாதங்களிலும் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி தடைபடாமல் இருக்கவே அவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். பனிக்கட்டியின் மேல் ஐஸ் ஸ்கேட்டின் அடியில் உள்ள கத்தியின் ஓரத்தால் பக்கவாட்டில் தள்ளும் அதே அசைவுதான் இங்கே சக்கரத்தின் உள்விளிம்பால் நடக்கிறது. எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றி, மற்றொரு காலால் வெளிப்பக்கமாகத் தள்ளி, தள்ளிய காலைத் திரும்பக் கொண்டுவந்து அருகே வைக்கும் வரை ஒற்றைக் காலில் உருள்வது. எந்தச் சக்கரமும் இல்லாமல் வீட்டில் ஒற்றைக் காலில், முழங்கால் மடக்கி, 30 விநாடி நிற்கப் பழகியது எனக்கு மிகவும் கைகொடுத்தது.

அந்த நாட்களில் என் கண் எப்போதும் என் பாதத்திலேயே இருந்தது. மகளோடு பயிலும் ஒரு சிறுமி என்னைக் கடந்து போனவள், திரும்பி வந்து பக்கத்தில் உருண்டபடியே, "ஆன்ட்டி, கீழ பாக்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க, காலு தானா வரும்" என்றாள். நான் தலையை நிமிர்த்தி எதிர்ப்பக்கக் கம்பிவேலியைப் பார்த்தேன். தோள் நிமிர்ந்தது, இடுப்பு அதன் இடத்துக்கு வந்தது, அதுவரை வளைந்து வளைந்து போன பாதை நேரானது. அவளுக்கு என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.

நிற்பதற்கு இரண்டு முறைகளை முதல் மாதத்திலேயே கற்றுவிடுங்கள். கால்களை அகட்டி, முன்பாதங்களை உள்நோக்கித் திருப்பி, குதிகால்களை வெளியே அழுத்துவது ஒன்று. மெதுவான வேகத்துக்கு அது போதும். குதிகால் பிரேக் மற்றொன்று. பிரேக் உள்ள காலை அரையடி முன்னே விட்டு, இரு முழங்கால்களும் மடங்கியிருக்க, அந்தக் காலின் முன்பகுதியைத் தூக்க வேண்டும். ரப்பர் தரையைத் தொட்ட பிறகே, நாற்காலியில் அமர்வதுபோல உடலைத் தாழ்த்தி எடையை அதன்மேல் ஏற்ற வேண்டும். நான் அவசரப்பட்டு முதலிலேயே எடையை முன்காலில் ஏற்றியதால் பல நாள் ரப்பர் தரையைத் தொடவேயில்லை. எங்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் காலை ஐந்தரை மணிக்கு, ஒரு தூணைக் குறியாக வைத்துக்கொண்டு, அதற்குள் நிற்பது என்று பழகினேன். மூன்றாவது வாரத்தில், தூணுக்கு ஓர் அடி முன்பே நின்றேன்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெசன்ட் நகர் கடற்கரை நடைபாதை ஆசையைத் தூண்டும்; ஆனால் தளக்கற்களின் மேல் மெல்லிய மணல் படிந்திருக்கும் இடத்தில் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது, அந்த மணலே பேரிங்குக்குள்ளும் போய்விடும். உப்புக்காற்றும் மழைநீரும் சேர்ந்தால் எஃகுப் பேரிங் சில நாட்களில் துருப்பிடித்துக் கரகரக்கத் தொடங்கும். ஈரமானால் அன்றே சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளைத் துடைத்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை சக்கரங்களைப் பார்த்தால் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும். முதலாவதை மூன்றாவதன் இடத்திலும் இரண்டாவதை நான்காவதன் இடத்திலும் மாற்றி, வலது காலின் சக்கரங்களை இடது காலுக்குக் கொண்டுபோய், தேய்ந்த பக்கம் வெளியே வருமாறு மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், சக்கரத் திருகுகளைக் கழற்றும் ஆலன் சாவியோடு நானும் மகளும் தரையில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறோம். என்னுடைய சக்கரங்களில் வலது காலுடையவை எப்போதும் சற்று அதிகமாகத் தேய்ந்திருக்கின்றன. இடது காலில் நான் இன்னும் போதிய நேரம் நிற்பதில்லை என்பது அதற்குப் பொருள் என்று பயிற்சியாளர் சொன்னார். இந்த வாரம் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.