வனவியல் படிப்பு: களத்தில் கை பழக வேண்டியவை

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நான்கு ஆண்டு வனவியல் படிக்கிறவர்கள் பாடப்புத்தகத்துக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியாவது டேப்புக்கும் திசைகாட்டிக்கும் கொடுக்க வேண்டும். காகித ஆலையின் களப்பணியோ, நாற்றங்கால் மேற்பார்வையோ, வனத்துறைப் பணியோ, எதில் சேர்ந்தாலும் முதல் வாரமே கையில் கொடுப்பது அளவெடுக்கும் வேலைதான்.

முதலில் சுற்றளவு. நிற்கிற மரத்தின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் எடுக்கிறோம். இந்தியாவில் மார்பளவு உயரம் என்றால் தரையிலிருந்து 1.37 மீட்டர். ஆளுக்கு ஆள் மார்பு உயரம் மாறும். அதனால் 1.37 மீட்டருக்கு ஒரு குச்சியை வெட்டிக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. சரிவில் நிற்கிற மரமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். பள்ளத்தில் நின்று அளந்தால் அடிமரத்தின் பருத்த பகுதி அளவில் வந்துவிடும். 1.37 மீட்டருக்குக் கீழே கவை பிரிந்திருந்தால் இரண்டு மரம், மேலே பிரிந்திருந்தால் ஒரே மரம். இலவம் போலப் பலகை வேர் ஏறிய மரங்களில் வேர் முடிந்து தண்டு ஒழுங்காகிற இடத்துக்கு மேலே அளந்து, அந்த உயரத்தையும் குறிக்க வேண்டும். மரத்தைச் சுற்றிய கொடியையும் தொங்கும் பட்டையையும் முதலில் நீக்குங்கள். மரத்தின் பின்பக்கம் டேப் தொய்ந்து கிடப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. முன்னால் நிற்கிறவருக்கு அது தெரியாது, அதனால் ஒரு சுற்று சுற்றிவந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. வெட்டிய மரத்தடியின் கன அளவுக்கு அதன் நடுப்பகுதிச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குகிறோம். நடுச்சுற்றளவு 100 செ.மீ., நீளம் 3 மீட்டர் என்றால் 0.1875 கன மீட்டர். அதையே 105 என்று படித்துவிட்டால் 0.2067. சுற்றளவில் 5 விழுக்காடு பிசகினால் கன அளவில் 10 விழுக்காடு பிசகுகிறது. இந்த முறை உண்மையான கன அளவில் சுமார் 78.5 விழுக்காட்டைத்தான் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். சவுக்கும் தைலமரமும் காகித ஆலைக்கு டன் கணக்கில் எடை போட்டுப் போகின்றன. தேக்குக்கு அப்படியில்லை, சுற்றளவைப் பொறுத்துத்தான் விலை. அங்கே ஒரு தவறான அளவு விவசாயியின் பணம்.

உயரத்துக்குக் கோணமானி. மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று நுனிக்கு 38 பாகை, கண் மட்டத்துக்குக் கீழே அடிக்கு 4 பாகை என்றால், தூரத்தை ஒவ்வொரு கோணத்தின் டேன் (tan) மதிப்பால் பெருக்கிவரும் 15.6-உம் 1.4-உம் சேர்ந்து 17 மீட்டர். இங்கே மூன்று இடத்தில் வழுக்கும். சரிவில் டேப்பைத் தரையோடு போட்டு 20 என்று எடுப்பது ஒன்று. 20 பாகைச் சரிவில் கிடைத்தூரம், அதாவது மட்டமாக அளக்கிற தூரம், 18.8 மீட்டர்தான். பரந்த தலையுள்ள மரத்தில் நம் பக்கம் நீண்ட கிளையை நுனி என்று எண்ணிக்கொள்வது இன்னொன்று. சாய்ந்த மரத்தை எதிரே நின்று பார்ப்பது மூன்றாவது. நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தால் உயரம் கூடும், அப்பால் சாய்ந்திருந்தால் குறையும். சாய்வுக்குச் செங்குத்தான பக்கத்தில் போய் நில்லுங்கள்.

திசைகாட்டியில் முன்நோக்கு (இங்கிருந்து அடுத்த புள்ளியைப் பார்க்கிற திசை) 62 பாகை என்றால் பின்நோக்கு (அங்கிருந்து திரும்பி இங்கே பார்க்கிற திசை) 242 வர வேண்டும். வரவில்லையா, பக்கத்தில் இரும்பு இருக்கிறது. அரிவாள், பெல்ட் கொக்கி, சட்டைப்பையில் கைபேசி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்து மறுபடி பாருங்கள். மாதிரிப் பரப்பு, அதாவது மரங்களை எண்ணி அளக்கக் காட்டில் குறிக்கிற சிறு பகுதி, 0.1 ஹெக்டேர் என்றால் சதுரத்தில் பக்கம் 31.62 மீட்டர், வட்டத்தில் ஆரம் 17.84 மீட்டர். இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாக இருந்தால் காட்டில் நேரம் மிச்சம். எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிற மரத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதைக் குழு முன்கூட்டியே முடிவு செய்து, கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

நாற்றங்காலில் விதைக்கு விதை குணம் வேறு. வேப்ப விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். பழுத்து விழுந்ததும் சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். தேக்குக் கொட்டைக்கு அவசரமில்லை. இரவில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைப்பதை ஒரு வாரத்துக்கு மேல் மாற்றி மாற்றிச் செய்தால்தான் கெட்டி ஓடு நெகிழும். சவுக்கு விதை மிக நுண்ணியது. பாத்தியைச் சுற்றி எறும்புக்குத் தடுப்பு போடாவிட்டால் விதைத்த மறுநாளே காலி. தேக்கு நாற்றுக்குச்சியை, அதாவது நாற்றைப் பிடுங்கி வேரையும் தண்டையும் குறைத்து நடுகிற குச்சியை, கட்டைவிரல் பருமனில், வேர் 15 முதல் 20 செ.மீ., தண்டு 2 முதல் 3 செ.மீ. வைத்துக் கூரான கத்தியால் வெட்ட வேண்டும். நசுங்கிய வெட்டு அழுகும். கடப்பாரைக் குழியில் நட்டபின் பக்கத்தில் மறுபடி குத்தி மண்ணை நெருக்கி மிதியுங்கள். காற்று இடைவெளி இருந்தால் குச்சி காய்ந்துபோகும்.

தமிழ்நாடு வனத்துறைப் பணிக்கு எழுத்துத் தேர்வோடு நடைத்தேர்வும் உண்டு: நான்கு மணி நேரத்தில் ஆண்களுக்கு 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16. மணிக்கு ஆறேகால் கிலோமீட்டர் என்ற வேகம் கேட்க எளிது, கடைசி ஒரு மணி நேரத்தில்தான் கால் சொல்லும். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கி வாரம் ஒருமுறை தூரத்தைக் கூட்டுங்கள். புதுக் காலணியோடு தேர்வுக்குப் போனால் பத்தாவது கிலோமீட்டரில் கொப்புளம் வரும்.

களக்குறிப்பேடு பென்சிலில்தான். மழையில் பேனா மை ஊறிப் பரவிவிடும். தவறிய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள், அளந்தவர் பெயரையும் தேதியையும் சேர்த்து.